வெள்ளெழுத்து வந்தபின் வெல்டிங்

47 வயதில் என் வெல்டிங் கோணலாக ஓட ஆரம்பித்தது. கை நடுங்கவில்லை, ஆம்பியரும் சரி. ஆனால் உருகும் இரும்பின் முன்விளிம்பு மங்கல். இரண்டு ஆங்கிள் சேரும் கோட்டை விட்டு ராடு விலகியது வெல்டிங் மேல் படிந்த கசடை, அதாவது ஸ்லாக்கை, தட்டிய பிறகுதான் தெரியும். இருபது வருடம் இரும்பு கேட் செய்த எனக்கு அது பெரிய வேதனை.

ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை 11-ஆம் எண் ஷேடிலிருந்து கறுப்பு குறைந்த 10-க்கு மாற்றினேன். வெளிச்சம் கூடியது, கோடு தெளியவில்லை.

கண் டாக்டர், புரை இல்லை, வயதானால் கிட்டத்துப் பார்வை மங்கும் வெள்ளெழுத்துதான் என்றார். அவர் எழுதித் தந்த கண்ணாடியில் கிட்டத்தில் பார்க்கும் பகுதி கீழே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அதன் வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டும். அரை மணியில் கழுத்து பிடித்துக்கொண்டது.

கைகொடுத்தது, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகும் பெரிதாக்கும் வில்லை. என் ஹெல்மெட்டுக்கு 2-க்கு 4¼ அங்குலம். முதலில் ஆசைப்பட்டு +2.50 பவர் வாங்கினேன், முகத்தை 40 செ.மீ.க்குள் கொண்டுபோனால்தான் தெளிவு, புகையும் மூக்கில். +1.50 போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தே கோடு தெரிந்தது. அது வெறும் வில்லைதான். கண்ணைக் காப்பது கறுப்புக் கண்ணாடி மட்டுமே.

இன்னொன்று, வெளிச்சம். ஜாயிண்ட் மேல் பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கு வைத்தேன். முதுகுப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் வில்லையில் பளிச்சிட்டது. ஹெல்மெட்டின் பின்னால் பருத்தித் துணி தொங்கவிட்டேன். கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும், பொறி தெறித்துப் புள்ளி விழுந்த வெள்ளைக் கண்ணாடியை இப்போது வாராவாரம் மாற்றுகிறேன்.