செஞ்சிக்கோட்டைக்குக் காரில் ஒருநாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, ஷூ, ஸ்டெப்னி காற்று இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். பாண்டி, கடலூர் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

ராஜகிரியைக் கடைசிக்கு வைப்பது

கோட்டையின் உயரமான மலை ராஜகிரி. நாள் முழுவதையும் பாழாக்குவது அதைக் கடைசிக்கு வைப்பதுதான். வீட்டில் டிபன் முடித்து ஒன்பதுக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் காபி குடித்து, பதினோரு மணிக்குச் செஞ்சி. கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம் என்று கீழே சுற்றிவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியும் ஏறி இறங்கி, சாப்பிட்டு வந்து ராஜகிரி வாசலில் நின்றால் மணி மூன்றைத் தாண்டியிருக்கும். மூன்றுக்குமேல் மலையேற விடமாட்டார்கள். பிள்ளைகளோடு நின்று காவலரிடம் கெஞ்சும் குடும்பங்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. காவலர்மேல் அல்ல, "கீழே இருப்பதை முதலில் முடிச்சிடுங்க" என்று யோசனை சொன்னவர்மேல்.

ராஜகிரி சுமார் 800 அடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி, உச்சியில் அரை மணி. வருகிற படை மூச்சு வாங்கட்டும் என்றே வாசலுக்குமேல் வாசலாக அமைத்த வழி அது. சுல்பிகர் கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டைக்காகக் காத்துக் கிடந்தது. பதினொன்றுக்குமேல் பாறையே அனல் வீசும், நிழலும் குறைவு. பாதியில் உட்கார்ந்துவிட்டால் பாறைப் பிளவின் மேலுள்ள பாலமும் ரங்கநாதர் கோயிலும் கிடைக்காது.

சரியான வரிசை: பாண்டியிலிருந்து 70 கி.மீ., கடலூரிலிருந்து விழுப்புரம் வழியாக ஏறத்தாழ 85. ஆறரைக்கே வண்டியை எடுங்கள். ஒன்பதுக்கு ராஜகிரியில் கால் வையுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரோடு. உச்சி வெயிலில் கல்யாண மகால் பக்கம் நிழலில் இருங்கள். தெம்பு மிச்சமிருந்தால் மட்டும் கிருஷ்ணகிரி. அது உயரம் குறைவு.

கையில் தின்பண்டப் பை

குரங்கு பறிக்கும். படியில் அந்த இழுபறியில் விழுகிறவர் நீங்கள்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது

சொந்த உபயோக வண்டிக்கு வாடகை கொடுத்துப் போய் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். மஞ்சள் போர்டு வண்டி எடுங்கள். புதுச்சேரிப் பதிவு என்றால் தமிழ்நாட்டுக்குள் வர பர்மிட் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். மொரட்டாண்டி சுங்கச்சாவடிக்கு முன்பே பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

ஒரே நாளில் மூன்று கோட்டை

செஞ்சி மேற்கே, தரங்கம்பாடி தெற்கே. டேனிஷ்காரர்கள் 1620இல் அங்கே எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டைக்குத் தனி நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் விடுமுறை. கடலூர்க்காரர்கள் செஞ்சியோடு சேர்க்க நினைத்தால் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டை போதும். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்ததால் பார்க்க மிஞ்சியது கொஞ்சம்தான். வீடு திரும்பும்போது வெளிச்சம் இருந்தால் அரை மணி.