பூண்டு மணக்கும் பூச்செடி: சொசைட்டி கார்லிக் வளர்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சொசைட்டி கார்லிக் (துல்பாகியா வயலேசியா), அழகுக்காகவும் சமையலுக்காகவும் ஒருசேர வளர்க்கத்தக்க பல்லாண்டுச் செடியாகும். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்து, ஒடுங்கிய இலைகளுக்கு நடுவே எழும் நீண்ட தண்டுகளின் நுனியில் இளஞ்ஊதாப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தரும்.

இதற்கு முதல் தேவை வெயில். நிழலிலும் உயிரோடிருக்கும் என்றாலும் பூ வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்தது வடிகால்: வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும் இச்செடி, வேரடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால், களிமண் நிலத்திலும் கனமழை பெய்யும் ஊர்களிலும் ஆற்றுமணலும் மட்கிய உரமும் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்தே நட வேண்டும். செடிக்குச் செடி 20 முதல் 30 செ.மீ. இடைவெளி போதும். வேர் பிடிக்கும் வரை தவறாமல் நீர் ஊற்றி, பிறகு மேல்மண் காய்ந்த பின்பே ஊற்றலாம். தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் தூர் பிரித்து நடுவதே விரைவான வழி. இரண்டு மூன்று ஆண்டுகளில் தூர் நெருங்கிப் பூ குறையத் தொடங்கும்போது, அதை முழுதாகத் தோண்டியெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் இலைக்குருத்தும் இருக்கும்படி பிரித்து, முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டால் விரைவில் தழைத்துவிடும். பனி கடுமையாகக் கொட்டும் இடங்களில் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துக்கொள்வது நல்லது.

சுலு மக்கள் இதன் இலையையும் பூவையும் கீரையாகச் சமைப்பதோடு, இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் காரச்சுவை கூட்டவும் சேர்க்கிறார்கள். மொட்டையாக அறுக்காமல் வெளியிலைகளை மட்டும் அடியோடு கிள்ளியெடுத்தால் குருத்து தடையின்றி வளரும். பொடியாக நறுக்கி, அடுப்பை அணைக்கும் தறுவாயில் தூவினால் மணம் நிற்கும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: பூவில்லாத நாட்களில், நச்சுத்தன்மையுள்ள மழை லில்லியின் இலையும் ஏறத்தாழ இப்படித்தான் தோன்றும். ஆகவே இவ்விரண்டையும் ஒரே பாத்தியில் நடவே கூடாது. பறிக்கும் ஒவ்வொரு இலையையும் விரலால் கசக்கி, பூண்டு வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்த பின்னரே சமையலறைக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.