மரக் கடைசல் இயந்திரத்தின் மோட்டார் சுழலாதபோது

மரக் கடைசல் இயந்திரம் நின்றுபோனதும் மோட்டார் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவது பலருக்கு வழக்கம். வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) எரிந்திருந்தால் கருகிய வார்னிஷ் வாடை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாடை இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சுவிட்சுக்குள் அடைந்துள்ள மரத்தூளையும், மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரையும்தான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்து பெல்ட்டைக் கழற்றி, ஸ்பிண்டிலையும் (மரத்துண்டைச் சுழற்றும் தண்டு) மோட்டார் தண்டையும் தனித்தனியே கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்பிண்டில் இறுகியிருந்தால் பழுது அதன் பேரிங்கில் இருக்கிறது, மின்சாரத்தில் அல்ல. இரண்டும் எளிதாகச் சுற்றினால், பெல்ட் இல்லாமலேயே மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்து, அது என்ன ஒலி எழுப்புகிறது என்று கவனிக்க வேண்டும்.

ஒலியே இல்லையென்றால் சாக்கெட், பியூஸ், ஓவர்லோடு பொத்தான் (சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), சுவிட்ச் என்ற வரிசையில் தேடுங்கள். சில இயந்திரங்களில் பெல்ட் மூடி முழுமையாக மூடினால்தான் மின்சாரம் செல்லும்படி ஒரு சிறு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். நானே ஒருமுறை மோட்டாரை முழுவதும் கழற்றிய பிறகுதான், அந்த மூடியின் இடுக்கில் ஒரு சீவல் சிக்கியிருந்ததைக் கண்டேன். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஓடி, விரலை எடுத்ததும் நின்றுவிட்டால், சுவிட்சின் உள்ளிருக்கும் காந்தச் சுருள் பிடித்துக்கொள்ளவில்லை என்று பொருள். அங்கும் தூள் காரணமாக இருக்கலாம்.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். சுழலாமல் நிற்கும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ 5 முதல் 7 மடங்கு இழுப்பதால், வைண்டிங் விரைவில் சூடேறிவிடும். ஒற்றை பேஸ் மோட்டாரில் இந்த உறுமலுக்குப் பொதுவான காரணங்கள் இரண்டு: மோட்டார் சுழலத் தொடங்க உதவும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அல்லது மையவிலக்கு சுவிட்ச். பிளக்கைக் கழற்றிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், 10 முதல் 20 கிலோ ஓம் வரையிலான, 5 வாட் தாங்கும் ரெசிஸ்டரை அதன் முனைகளுக்கிடையே சில நொடிகள் பிடித்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளை இணைத்துப் பொறி பறக்கவிடுவது கெட்ட பழக்கம். கெப்பாசிட்டரின் உடல் உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை, மாற்றிவிடலாம். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவிலும், பழையதற்குக் குறையாத வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும்.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் மையவிலக்கு சுவிட்சைப் பாருங்கள். மோட்டார் தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது, இது ஸ்டார்ட் வைண்டிங்கைத் துண்டிக்கும். அணைத்த பின் வேகம் குறைகையில் 'டிக்' என்று மீண்டும் சேரும். ஓடக்கூடிய மோட்டாரில் அந்த 'டிக்' கேட்கவில்லையென்றால் சுவிட்ச் சிக்கியிருக்கலாம். சுவிட்ச் இணைந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வெடிக்கும் அளவுக்குச் சூடாகும். எனவே கெப்பாசிட்டர் அடிக்கடி போகிறதென்றால் குற்றவாளி இந்தச் சுவிட்சாக இருக்கலாம். பின்மூடியைக் கழற்றி, தூளைத் தூரிகையால் நீக்கி, தொடுமுனைகளை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூள் அதில் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூடேறி நின்றால், குளிர்விக்கும் விசிறியின் துளைகளைத் துடையுங்கள். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியைத் தவிர்த்து நேராகச் சாக்கெட்டில் இணைத்துப் பாருங்கள். வேகக் கட்டுப்பாடு உள்ள டிசி மோட்டார்களில் வேகம் ஏறி இறங்கினால் கார்பன் பிரஷையும், வேகம் திருகும் குமிழையும் சோதிக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதென்றால், பிளக்கைக் கழற்றி அதன் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள்.

இயந்திரத்தின் உடலைத் தொட்டால் கை சுரீரென்றால், அந்த நொடியே நிறுத்துங்கள். பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்றும், வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) குறைந்தது 1 மெகா ஓம் காட்டுகிறதா என்றும் அளக்க வேண்டும். மெக்கர் இல்லையென்றால் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டம் பெல்ட் இல்லாமலே இருக்கட்டும். அப்போது கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) காட்டும் ஆம்பியர், மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ளதைத் தாண்டினால், பெல்ட்டை இன்னும் மாட்ட வேண்டாம்.