சமூகப்பணியில் பிஎச்டி: முழுநேரமா, பகுதிநேரமா என்று முடிவெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் எம்.எஸ்.டபிள்யூ.காரர்கள் (சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்கள்) நாலு பேர் கூடினால் பிஎச்டி பேச்சு வராமல் போகாது. "வேலையை விட முடியாது, பார்ட் டைம்ல போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நானும் அப்படிப் போட்டவன்தான்.

பகுதிநேரம் என்றால் பளு குறைவு, காலம் அதிகம் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகளில் முழுநேரக்காரர், பகுதிநேரக்காரர் இருவருக்கும் நிபந்தனை ஒன்றுதான். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் 2 ஆண்டு. குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் (ஆய்வோடு படித்து முடிக்க வேண்டிய வகுப்புப் பாடங்கள்), செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்பது எல்லாம் பகுதிநேரக்காரருக்கும் உண்டு. சேர்வதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் தேறும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். சனிக்கிழமை ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை விட்டால் மகளிர் குழுவினர் கிடைக்க மாட்டார்கள், அன்றைக்கும் கூட்டம். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி எழும்பூர் போகும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நானும் கணக்கு போட்டேன். பெரும்பாலான நாள் தூங்கினேன்.

அடுத்தது என்.ஓ.சி., அதாவது வேலை பார்க்கும் இடம் தரும் ஆட்சேபணையின்மைச் சான்று. இதைக் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெறுமனே 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கினால் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, அலுவலக வேலை ஆய்வுக்குப் போதிய நேரம் விடும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நிர்வாகங்கள் தயங்கும். நான் அப்போது இருந்த இடத்தில் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்கள், பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி வாங்குவதற்குள் அந்த முறை சேர்க்கையே முடிந்துபோனது.

சரி, முழுநேரம்? ஜே.ஆர்.எஃப். என்கிற யுஜிசி ஆய்வு உதவித்தொகை கையில் இருந்தால் நான் தயங்கவே மாட்டேன். முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆனால் அது மொத்தம் 5 ஆண்டுக்குத்தான். ஆறாவது ஆண்டு இழுத்தால் கைக்காசு. உதவித்தொகை இல்லாமல், 'சேர்ந்தபிறகு ஏதாவது கிடைக்கும்' என்று வேலையை விடுவது எனக்கு ஒப்பாது. அதைவிட மோசம், முழுநேரத்தில் பதிந்துவிட்டு சத்தமில்லாமல் சம்பளம் வாங்குவது. பின்னால் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போகும்போது பணி அனுபவச் சான்றும் முழுநேர ஆய்வுச் சான்றும் ஒரே தேதிகளைக் காட்டும். அப்போது என்ன சொல்வீர்கள்?

நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. நாலு ஆண்டு இருப்பவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஆறு ஆண்டு இழுக்கப்போகும் பகுதிநேரக்காரருக்கு நடுவழியில் ஆள் மாறும்.

இணையத்தில் தேடினால் டி.எஸ்.டபிள்யூ. (டாக்டர் ஆஃப் சோஷியல் வொர்க்) பற்றிய அமெரிக்கத் தகவல்களே கொட்டும். அது களப்பணியை மையமாக வைத்த அவர்கள் ஊர்ப் பட்டம். அதைப் படித்துவிட்டு இங்கே திட்டம் போடாதீர்கள்.

களத்தின் காலண்டரைப் பார்க்காமல் நேரத்தைப் பிரிப்பதுதான் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் படுகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். பத்து மணிக்கு நோட்டும் கையுமாகப் போனால் களைத்துப்போன முகங்களைத்தான் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், கல்லூரிக்கும் கோடை விடுமுறை, பேட்டி எடுக்க வசதி. ஆனால் வருமானத்தைப் பற்றிய ஆய்வை அந்த இரண்டு மாதத்தில் மட்டும் முடித்தால், வருமானமே இல்லாத காலத்தைத்தான் அளந்திருப்பீர்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் என்றால் இரவு ஏழுக்கு மேல்தான். ஒரு வகையில் இது பகுதிநேரக்காரருக்குச் சாதகம்: களத்துக்குப் போகும் நேரம் அவரிடம் இருக்கும், பகலில் நூலகத்துக்கும் வகுப்புக்கும் போகும் நேரம்தான் இருக்காது. விடுப்பை அதற்குச் சேர்த்துவையுங்கள்.

நேரம் போதாதபோது எல்லோருக்கும் ஒரு யோசனை வரும்: வேலை பார்க்கும் இடத்தையே களமாக்கிக்கொண்டால் என்ன? எனக்கும் வந்தது. எங்கள் திட்டத்தில் உதவி வாங்கும் பெண்களிடமே ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். "உனக்கு இல்லாததா தம்பி, எங்க கையெழுத்து போடணும் சொல்லு" என்றார் ஒரு அக்கா. போட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் பையன் ஃபீஸ் வந்துடுமில்ல?" என்றும் கேட்டார். அந்தப் படிவத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் வேறு பகுதியில், என்னை யாரென்றே தெரியாதவர்களிடம் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு எட்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது.