பருப்பு வேகிற தண்ணீரா? பல வகை மீன்களை ஒரே தொட்டியில் சேர்ப்பதற்கு முன்

பாளையங்கோட்டையில் வீடு, கடை, கிளினிக் என்று மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்து பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "அண்ணாச்சி, கலர் கலரா எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு போட்டுக் குடுங்க." நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்டுத் தண்ணில பருப்பு சீக்கிரம் வேகுதா?" மீன்காரனுக்குப் பருப்போடு என்ன வேலை என்று பார்ப்பார்கள்.

வேலை இருக்கிறது. பருப்பு வேகாமல் அடம்பிடித்தால், சோப்பு நுரைக்காவிட்டால், குளிக்கிற வாளியில் வெள்ளையாகப் படிந்தால் அது கடினத் தண்ணீர். நாங்குநேரி, ராதாபுரம் பக்கமும், நம் ஊரிலேயே ஆற்றுத் தண்ணீர் சரியாக வராத தெருக்களிலும் போர் தண்ணீரை நம்பித்தான் வீடு ஓடுகிறது. பொதிகையிலிருந்து பாறை வழியாக இறங்கி வரும் தாமிரபரணித் தண்ணீர் அதைவிட மென்மையானது. எந்த மீன் எந்த மீனோடு சண்டை போடும் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் குழாயில் வருகிற தண்ணீர் எந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பார்க்காமல் சேர்த்தால், சண்டையே போடாத மீன்கள்கூட ஒவ்வொன்றாகச் சாகும்.

போர் தண்ணீர் வீடென்றால் மோலி, பிளாட்டி, சோர்டுடெயில், கப்பி. நான்கும் குட்டி போடும் இனம், நான்குக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண் மீன் ஓய்ந்துவிடும். குட்டிகளைப் பெரிய மீன்கள் தின்னும். பிள்ளைகள் அழுதால் செடிகளை அடர்த்தியாக வையுங்கள், சில தப்பிக்கும். எல்லாம் தப்பித்தால் தொட்டி கொள்ளாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கு வேறு கூட்டம்: சீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், ஹார்லிக்வின் ரஸ்போரா, பேர்ல் கௌராமி, கோரிடோரஸ். எல்லாரும் கேட்கிற நியான் டெட்ராவை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத நம் வீடுகளில் தொட்டித் தண்ணீரே 31, 32-க்குப் போகும். அந்தச் சிவப்பும் நீலமும் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் தண்ணீர் மென்மையாக இருந்தால் சூட்டைக் கொஞ்சம் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. பல வீடுகளில் ஆற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விடுகிறார்கள். ஒரு வாரம் மென்மை, மறுவாரம் கடினம் என்று மாறினால் எந்த மீனும் தாங்காது. தொட்டிக்கு இன்ன தண்ணீர்தான் என்று முடிவு செய்து, அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஒரு நாள் வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு விடலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், மீனுக்கு வேண்டிய தாதுவும் அதில் இருக்காது.

தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் கலந்து வளர்க்கத் தோதாக இருக்கும். கணக்குப்படி 127 லிட்டர் கொள்ளும், கல்லும் மண்ணும் போக நூறுக்குப் பக்கத்தில் நிற்கும். தண்ணீர் எடை மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் வருவதால் டிவி ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள்.

தொட்டி வைத்த அன்றே மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த பாக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சும்மா ஓடவிட்டால் பிடிக்காது, தினம் ஒரு துளி தீனி போட்டு அழுகவிட வேண்டும். அவசரமென்றால், நோயில்லாமல் ஓடுகிற தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சை உங்கள் தொட்டிக்குள் பிழிந்துவிடச் சொல்லுங்கள். கலங்கலைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள், ஆனால் அதைவிட நல்ல மருந்து இல்லை. போர் தண்ணீர்க்காரர்கள் இதில் கூடுதல் பொறுமை காட்ட வேண்டும்: பி.ஹெச். (கடினத் தண்ணீரில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் காரத்தன்மை அளவு) கூடக்கூட, சூடு கூடக்கூட, அம்மோனியாவின் விஷம் ஏறும். பின்னாளில் ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாயடியில் காட்டாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இனி யார் யாரோடு. ஒரே வளவில் நாலைந்து குடும்பம் இருக்கிற மாதிரிதான் இதுவும், அவரவர் புழங்க இடம் வேண்டும். டேனியோ மேலே ஓடும், பார்ப் நடுவில், கோரிடோரஸ் தரையில். மூன்று மட்டத்துக்கும் ஆள் போட்டால் நெரிசல் தெரியாது. "ரெண்டு ரெண்டு" என்ற பேச்சு இங்கேதான் கெடுதல் செய்யும். கூட்டமாக வாழும் மீனை ஆறு எட்டாக வாங்க வேண்டும். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட இரண்டு வகையில் ஆறாறு வாங்கினால் தொட்டி பார்க்கவும் அழகு, மீனும் பயமில்லாமல் வெளியே வரும்.

வாய்க்குள் நுழைவது எதுவும் தீனிதான். ஏஞ்சல் சாதுவாகத்தான் நிற்கும், இரவில் டெட்ராவைக் காணோம் என்பார்கள். ஏஞ்சல் வேண்டுமென்றால் அதன் வாய்க்கு அடங்காத மீன்களோடு, உயரமான தொட்டியில் வையுங்கள். டைகர் பார்ப் துடுக்கு. இரண்டு மூன்றாக விட்டால் கப்பி வால், ஏஞ்சல் துடுப்பு, கௌராமியின் மீசை என்று கடித்துத் தள்ளும். எட்டுக்கு மேல் விட்டால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும், அப்போதும் நீளத் துடுப்பு மீன்கள் அங்கே வேண்டாம். ஃபைட்டர் ஆண் ஒன்றுக்கு மேல் கூடாது, கப்பியின் வாலைப் பார்த்தாலும் அதற்குக் கோபம் வரும். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம், குளிர்ச்சி கேட்கும், அதற்குத் தனித் தொட்டி. ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் மாதிரி முரட்டு மீன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கல் உப்பு விஷயத்தில் கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வார். மோலிக்கு உப்பு பிடிக்கும், கோரிடோரஸுக்கும் டெட்ராவுக்கும் பிடிக்காது. கலப்புத் தொட்டியில் வழக்கமாக உப்புப் போடாதீர்கள். நோய் வந்த மீனைத் தனி டப்பில் எடுத்துப் போட்டு அங்கே பாருங்கள்.

நம்மூர்க் கடைகளுக்கு வரும் மீன்களில் நிறைய சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த கவரில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வருபவை. வந்த அன்றே வாங்காமல் மூன்று நாலு நாள் கழித்துப் போனால், தேறியது எது என்று தெரியும். வாங்கி வந்த கவரைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, சீக்கிரமே வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வசதியிருந்தால் இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டே சேருங்கள். சாதுவான மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். புதியவர் வரும்போது கல்லையும் செடியையும் இடம் மாற்றி லைட்டை அணைத்துவிட்டால், பழைய மீனுக்குத் தன் எல்லை எது என்று குழம்பிப்போகும்.

வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகும்போது அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து மேஜை ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். டேனியோ குதிக்கும், வலை போட மறக்காதீர்கள். ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு கௌராமியைத்தான் நான் அதிகம் சொல்வேன், அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஹீட்டர் நம்மூருக்கு அநேகமாகத் தேவையில்லை.

தீனியில் மிதப்பதை முதலில் போட்டு, மேல்மட்ட மீன்கள் தின்று முடித்த பிறகு, லைட்டை அணைத்துவிட்டு மூழ்கும் வில்லையைப் போடுங்கள். இல்லாவிட்டால் தரையில் இருப்பவை பட்டினி. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கடைசியாகச் சக்கர் மீன். "அழுக்கைத் தின்னும்" என்று இரண்டங்குலக் குட்டியாகத் தருவார்கள். அது அழுக்கைத் தின்னாது. பாசியைச் சுரண்டும், பிறகு ஓரடிக்கு மேல் வளர்ந்து தானே அழுக்குப் போடும், பசித்தால் ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் மேல் ஒட்டி உடம்பு வழுவழுப்பையும் சுரண்டும். மூன்றடித் தொட்டிக்கு அது வேண்டாம். ஏற்கெனவே இருந்து வளர்ந்துவிட்டால் கொக்கிரகுளம் பக்கம் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளில் இது பெருகி வலைகளைக் கிழிக்கிறது. நம் ஆற்றுக்கே உரிய ஒரு கெண்டை இருக்கிறது, டாகின்சியா தாம்ப்ரபர்ணியே என்று அறிவியல் பெயர், ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டிருக்கும். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத அது ஏற்கெனவே அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பிடித்து வந்து தொட்டியில் விடவும் வேண்டாம். வளர்ந்த சக்கர் மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது எடுத்துக்கொள்வார்கள். காசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.