புவியியல், நகரத் திட்டமிடல் மாணவர்களுக்கு: முதல் இன்டர்ன்ஷிப்பைப் பிடிப்பது எப்படி, அதில் என்ன செய்வது

புவியியல் படிக்கிறேன் என்றதும் "அப்புறம் என்ன வேலைக்குப் போவே?" என்று கேட்காத ஆளே கிடையாது. எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது ஒரு இன்டர்ன்ஷிப்பில், நான் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தை எங்கே மாற்றலாம் என்று விரலால் காட்டிப் பேசிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும். அதற்கான வழி இதோ.

படி 1: விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு வரைபடம்

அனுபவம் இல்லாமல் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள், ஒரு வரைபடத்தை நீங்களே செய்துவிடலாம். வரைபடம் போட உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவும் இலவசம். சின்னக் கேள்வி ஒன்றை எடுங்கள்: பள்ளிக்கூடங்களிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன? பள்ளிகளின் லேயரை (பள்ளிகள் மட்டும் இருக்கும் தரவு அடுக்கை) எடுத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் சொன்ன தூரத்துக்கு வட்டம் போடும் பஃபர் கருவியில் 500 என்று போடுங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுவது. இறக்கிய தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும். அதாவது அளவு டிகிரியில். நீங்கள் போட்ட 500 என்பது 500 டிகிரி ஆகிவிடும். அட்சரேகையில் ஒரு டிகிரியே சுமார் 111 கிலோமீட்டர் என்றால், வட்டம் உலகத்தையே விழுங்கிவிடும். முதலில் அந்த லேயரை மீட்டர் கணக்கில் இருக்கும் யூடிஎம் என்ற ஆயத்தொலை முறைக்கு மாற்றுங்கள். உலகம் அதில் 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். நேர்காணலில் இதை விளக்கத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

நேரம் இருந்தால், நிவாரணப் பணிகளுக்கு வரைபடம் தயாரிக்கும் ஹியூமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் என்ற அமைப்பின் பணிகளில் சேர்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடங்களை வரையுங்கள். அனுபவசாலிகள் உங்கள் வேலையைச் சரிபார்ப்பார்கள், சில சமயம் தவறைச் சுட்டிக்காட்டிக் குறிப்பும் அனுப்புவார்கள். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

படி 2: எங்கே கேட்பது

நகரத் திட்டமிடல் அலுவலகம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். போக்குவரத்து ஆய்வு, சுற்றுச்சூழல் ஆலோசனை, நில அளவை, பேரிடர் நிவாரணம் என எல்லா இடத்திலும் வரைபட வேலை இருக்கிறது. சின்ன அலுவலகமாக இருந்தால் இன்னும் நல்லது என்பேன், அங்கே முழு வேலையையும் கண்ணால் பார்க்கலாம்.

படி 3: கடிதம்

"எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்று எழுதாதீர்கள். படிப்பவர் உங்களுக்காக ஒரு வேலையை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிடும். இப்படி எழுதலாம்: "உங்கள் நடைபாதை ஆய்வைப் படித்தேன். கணக்கெடுப்புத் தாள்களை வரைபடமாக மாற்றும் வேலையில் ஆறு வாரம் உதவ முடியும். நான் செய்த ஒரு வரைபடத்தை இணைத்திருக்கிறேன்." அவ்வளவுதான். பத்து நாளில் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு முறை நினைவூட்டுங்கள்.

படி 4: சேரும் முன் கேட்க வேண்டியவை

யார் மேற்பார்வை, ஊக்கத்தொகை உண்டா, களத்துக்கு அழைத்துப் போவார்களா, செய்த வேலையை வெளியே காட்டலாமா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள், நில உரிமையாளர் விவரம் போன்றவை அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாதவை.

படி 5: உள்ளே போன பிறகு

களப்பணி வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தெருத்தெருவாக நடந்து குறிக்கும்போது அண்ணாந்து பாருங்கள். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் கட்டடம் செயற்கைக்கோள் படத்தில் வெறும் கூரைதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30-க்கு 30. அந்தச் சதுரத்துக்குள் என்ன நடக்கிறது என்று நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

தினமும் சாயங்காலம் மூன்று வரி எழுதி வையுங்கள்: எந்தக் கோப்பு, என்ன மாற்றினேன், ஏன். எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. தரவு அட்டவணையின் மக்கள்தொகைப் பத்திகளுக்கு 'பாப்புலேஷன்' என்று ஆங்கில எழுத்தில் போட்டு, பின்னால் ஆண்டைச் சேர்த்திருந்தேன். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் சேமித்தபோது பத்திப் பெயர் 10 எழுத்துக்கு மேல் நிற்காது என்பதால் ஆண்டு வெட்டுப்பட்டு, எந்தப் பத்தி எந்த வருடத்தினுடையது என்றே தெரியவில்லை. மூலக் கோப்பின் மேலேயே சேமித்திருந்ததால் இரண்டு நாள் வேலை போச்சு. உடனே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன், அவர் திட்டவில்லை, ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு கோப்பு வடிவில் சேமிக்கக் கற்றுக்கொடுத்தார்; அதில் அந்த 10 எழுத்துத் தடை இல்லை. தவறை மறைத்திருந்தால் அது அறிக்கைக்குள் போயிருக்கும்.

படி 6: கடைசி வாரம்

பரிந்துரைக் கடிதத்தை வேலை முடிந்து மாதக்கணக்கான பிறகு கேட்காதீர்கள். அங்கே இருக்கும்போதே, நீங்கள் செய்த இரண்டு மூன்று வேலைகளைக் குறித்துக் கொடுத்து, "இவற்றைக் குறிப்பிட்டு எழுத முடியுமா?" என்று கேளுங்கள். அனுமதி கிடைத்த ஒரு வரைபடத்தை, அளவுகோல், குறிவிளக்கம், தரவு எங்கிருந்து வந்தது என்பதோடு பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் இணைக்க வேண்டியது அதுதான்.