காடு முதலில், கடல் பிறகு: கோலாலம்பூரிலிருந்து தான்சானியாவுக்கு ஒரு சொகுசுப் பயணம்

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பணம் போட்டும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். சஃபாரி முதலில், கடற்கரை கடைசியில். மாற்றிப் போடாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கா நம்மைவிட ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கிறது, அங்கே விடியற்காலை ஐந்து என்றால் நம் உடம்புக்குக் காலை பத்து. சஃபாரி முகாமில் உங்களை எழுப்பப்போவதும் அந்த ஐந்து, ஐந்தரை மணிக்குத்தான், ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறும்போது நாம் தெளிவாக இருப்போம். இரவு எட்டு மணிக்கே தூக்கம் சொக்கும், முகாமும் அந்நேரம் அடங்கிவிடும். கடற்கரையை முதலில் வைத்தால் இந்த வசதி வீணாகிப் போகும், அதோடு ஒரு வாரத் தூசியையும் குலுக்கலையும் உடம்பில் சுமந்துகொண்டு நேராக கேஎல்ஐஏவில் வந்து இறங்குவீர்கள்.

ஏன் தான்சானியா? ஒரே நாட்டுக்குள் செரெங்கெட்டி தேசியப் பூங்காவும் சான்சிபார் தீவும் இருக்கின்றன, இடையில் சிறு விமானம் ஓடுகிறது. காலையில் சிங்கம் பார்த்துவிட்டு மாலையில் இந்தியப் பெருங்கடலில் கால் நனைக்கலாம். கென்யாவில் மாசாய் மாராவையும் டியானி கடற்கரையையும் சேர்த்து இதேபோல் போகலாம், அதுவும் நல்ல வழிதான். எனக்கு இரண்டு முறை போய்ப் பழகியது தான்சானியா என்பதால் அதையே எழுதுகிறேன். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி, ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறக்கூடியவை.

இப்போது மாதம். முகாமின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் வரிக்குதிரைகளோடு மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அவை இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை தெற்கே ன்டூட்டு சமவெளியில் குட்டி போடும், கன்று பிறந்த சில நிமிடத்தில் எழுந்து ஓடும், பக்கத்திலேயே சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் காத்திருக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையோடு நான்கைந்து நாள் சேர்த்து லீவு போட முடிந்தவர்களுக்கு இது பொருத்தமான நேரம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மந்தைகள் வடக்கே, மாரா ஆற்றின் பக்கம், கோகாடென்டே என்ற மண் ஓடுதளத்தைச் சுற்றி இருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் கவலைப்படாதீர்கள், அப்போது மந்தைகள் தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கும், சிறு மழையில் சமவெளி பச்சையாக இருக்கும். மார்ச் பாதியிலிருந்து மே வரை மட்டும் வேண்டாம், அதுதான் பெருமழைக் காலம், மசிகா என்பார்கள். பல முகாம்கள் மூடிவிடும், சான்சிபாரிலும் மழை கொட்டும்.

முதல் முறை நான் போனபோது ஐந்து நாளில் நான்கு பூங்கா என்று ஒரு முகவர் போட்டுக் கொடுத்த திட்டத்தை அப்படியே ஒப்புக்கொண்டேன். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்கு ரோட்டில் போனாலே ஏழெட்டு மணி நேரம். தினமும் பெட்டி கட்டி, தினமும் புது அறை, பார்த்ததைவிட ஜன்னல் வழியாகக் கடந்துபோனது அதிகம். அறையில் வெந்நீர்த் தொட்டி இருந்தது, அதில் உட்கார ஒரு மாலை கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை அம்மாவோடு போனபோது இரண்டே இடம் வைத்தேன், ங்கோரோங்கோரோ என்ற பழைய எரிமலைப் பள்ளத்தின் பக்கம் இரண்டு இரவு, வடக்கு செரெங்கெட்டியில் நான்கு இரவு. மாரா ஆற்றின் கரையில் ஒரு நாள் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். வரிக்குதிரைகள் நீர் வரை இறங்கி, முகர்ந்து, திரும்பி மேலேறின. மறுபடி இறங்கின. மதியம் தாண்டித்தான் ஒன்று குதித்தது, பிறகு ஆயிரக்கணக்கில், முதலைகள் இருக்கும் ஆற்றில். அம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அடுத்த நாள் வேறு ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் பதினொரு மணிக்கே கிளம்பியிருப்போம்.

ஆகவே பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், முதலில் அந்த மாதத்துக்குச் சரியான இடத்தில் இருக்கும் முகாமுக்கு, இரண்டாவது உங்களுக்கென்று தனி வண்டிக்கு. சொகுசு முகாம்களில்கூட வண்டியைப் பிற விருந்தினர்களோடு பகிர்வது வழக்கம். நீங்கள் பறவை பார்க்க நிற்கச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் சிங்கம் கேட்பார். தனி வண்டி இருந்தால் மட்டுமே அந்த நான்கு மணி நேரம் உட்கார முடியும். நல்ல முகாம்கள் சீசனில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு ஆயிரம் அமெரிக்க டாலரைச் சாதாரணமாகத் தாண்டும், உணவும் சஃபாரியும் அதில் சேர்ந்தே வரும், பூங்காக் கட்டணம் சேர்த்தியா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் ஒரு பூங்காவை எடுத்துவிடுங்கள், இரவுகளைக் குறைக்காதீர்கள். விடியலில் பலூனில் ஏறுவது தலைக்கு 600 டாலர் அளவில் வரும், அழகுதான், ஆனால் தனி வண்டியா பலூனா என்றால் நான் வண்டியைத்தான் எடுப்பேன்.

வழிகாட்டியிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ஆற்றின் கரையை ஒட்டிப் போய் நிறுத்த வேண்டாம். வண்டிகள் முண்டியடித்து இறங்கும் வழியை மறித்துவிட்டால் மந்தை பயந்து திரும்பிவிடும், அல்லது செங்குத்தான இடத்தில் விழுந்து கால் முறியும். படம் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தால் ஒன்றும் குறையாது. தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு விலகிப் புல்வெளியில் ஓட்டுவதற்கும் பொதுவாக அனுமதி கிடையாது. பக்கத்து வண்டி செய்கிறதே என்று உங்கள் ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள், பிடிபட்டால் அபராதம் கட்டுவதும் வேலையை இழப்பதும் அவர்தான்.

ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் ஒரே ஒரு முறை இறங்கினால் போதும், ஆனால் காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது இறங்குங்கள். சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரை, சுற்றிலும் 600 மீட்டர் உயரச் சுவர், உள்ளே யானை, சிங்கம், எருமை, அரிதாகக் கறுப்புக் காண்டாமிருகம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது, அந்தச் செங்குத்துச் சரிவில் அது இறங்குவதில்லை. விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூன், ஜூலையில் விடியலில் நடுங்கிவிடுவீர்கள். கேமரன் மலைக் குளிர் என்று நினைத்து ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போகாதீர்கள், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் குல்லாவும் வேண்டும்.

துணி விஷயத்தில் காக்கி, மண் நிறம், வெளிர் பச்சை போதும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சே ஈக்களை அந்த நிறங்கள் இழுக்கும், கடித்தால் நன்றாகவே வலிக்கும். பெட்டி விஷயத்தில் கவனம் தேவை. உள்ளூர்ச் சிறு விமானங்களில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய மென்மையான டஃபல் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு போன என் நண்பர் அருஷாவில் பாதித் துணியை விட்டுவிட்டு ஏற வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் கடைப் பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, செருப்பையும் அழுக்குத் துணியையும் துணிப்பையில் கட்டுங்கள். நம் மூன்று முனை பிளக் அங்கேயும் பொருந்தும், அடாப்டர் தேட வேண்டாம்.

விமானம். கோலாலம்பூரிலிருந்து நேரடியாக இல்லை. தோஹா வழியாக கிளிமஞ்சாரோவில் இறங்கி, திரும்பும்போது சான்சிபாரிலிருந்து ஏறுவதுபோல் ஒரே டிக்கெட்டாக எடுங்கள், வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதில்லை. அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் விஷயம் வருகிறது. ஆபத்துள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடமும், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கல் செய்தவர்களிடமும் தான்சானியாவும் கேட்கும், திரும்பி வரும்போது மலேசியாவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பக்கவிளைவு அபாயம் கூடுதல், எனவே மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் பயண வழியையே மாற்றுங்கள். மலேரியா மாத்திரையும் அதே நேரத்தில் கேளுங்கள். கிளம்பும் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் தொடர வேண்டிய மாத்திரை அது, வீட்டுக்கு வந்தாயிற்று என்று பாதியில் நிறுத்துவது பெரிய தவறு.

காப்புறுதியில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு இருக்கிறதா என்று பாருங்கள், செரெங்கெட்டி நடுவில் ஆம்புலன்ஸ் வராது. அதோடு, 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபார் தன்னுடைய சொந்தப் பயணக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பெரியவர்களுக்கு 44 டாலர். நீங்கள் இங்கே எடுத்தது இருந்தாலும் அதையும் இணையத்தில் வாங்கத்தான் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பார்கள். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகச் செப்டம்பரில் போனால் புரட்டாசி வந்துவிடும். முன்பதிவு செய்யும்போதே சைவம், முட்டை உண்டா இல்லையா, மாட்டிறைச்சி வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். முகாமுக்குப் பொருட்கள் தூரத்திலிருந்து வருகின்றன, அங்கே போய்ச் சொன்னால் சமையற்காரர் திண்டாடுவார். முன்பே சொன்னால் பருப்பு, சப்பாத்தி, கீரை, தேங்காய்ப் பாலில் பீன்ஸ் என்று நன்றாகவே செய்து தருவார்கள்.

சரி, கடல். லங்காவியும் பெர்ஹெந்தியானும் பார்த்த நமக்கு வெள்ளை மணலும் நீல நீரும் புதிதல்ல, சான்சிபாரில் புரிந்துகொள்ள வேண்டியது ஏற்றவற்றம். பௌர்ணமி, அமாவாசை சமயங்களில் நீர்மட்டம் நான்கு மீட்டர் வரை மாறும். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி பக்கம் கடல் பவளப்பாறை வரை உள்வாங்கிவிடும், நீந்த வேண்டுமானால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்கள் கடற்பாசி அறுவடை செய்ய நடந்து போவதைப் பார்க்கலாம், எனக்கு அந்தக் கரைதான் பிடித்தது. காலை முதல் மாலை வரை நினைத்தபோதெல்லாம் நீரில் இறங்க வேண்டும் என்றால் வடக்கே நுங்வி அல்லது கென்ட்வா போங்கள், கூட்டம் அதிகம், ஆனால் கடல் அவ்வளவாக விலகாது, சூரிய அஸ்தமனமும் கிடைக்கும். ஸ்னார்க்கலிங்குக்கு ம்னெம்பா பவளத்திட்டு, காலையிலேயே போய்விடுங்கள்.

சான்சிபாரில் ஐந்து இரவு தங்கினால் கடைசி ஒன்றைப் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் வையுங்கள். அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுப்பிய தேவாலயத்துக்கு ஒரு வழிகாட்டியோடு போங்கள், அவசரப்படாமல். சான்சிபார் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், நோன்பு மாதமென்றால் தெருவில் சாப்பிட வேண்டாம், இதெல்லாம் நமக்குத் தெரிந்த பழக்கம்தான். பேச்சும் பாதி தெரிந்ததாகவே இருக்கும். அவர்கள் "ஹபாரி?" என்று கேட்பது நம் மலாய் "அபா கபார்"தான், சபுனி என்றால் சாபுன், வகாத்தி என்றால் வக்து, துனியா துனியாவேதான். இரண்டு மொழிக்கும் அரபு கொடுத்த சொற்கள். அம்மா ஒரு கிராம்புக் கடைக்காரரிடம் மலாயிலேயே பேரம் பேச ஆரம்பித்துவிட்டார், அவர் ஸ்வாஹிலியில் பதில் சொன்னார், விலை படிந்தது. மாலையில் ஃபொரோதானி தோட்டத்தில் விளக்குகள் ஏற்றி அடுப்பு மூட்டுவார்கள். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச் சாற்றை வாங்கிக்கொண்டு, பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும் புளிப்பான உரோஜோ சூப்பை ஒரு கிண்ணம் கேளுங்கள், சைவம் என்றால் இறைச்சித் துண்டைப் போட வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள்.